வெள்ளைக்கண்ணிக்கு எடுத்த விழா

வேலூரிலிருந்து வந்த பஸ் சந்தவாசலில் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே என் முகம் தெரிந்தது. உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே, சவுக்குக் கழி நட்டுக் கட்டிய பேனர். அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்த போட்டோவை வெட்டி, கன்னத்துக்கு ரோஸ் ஏற்றி, ஜவ்வாது மலைக்குப் பதிலாக ஏதோ பனிமலையைப் பின்னால் போட்டிருந்தார்கள். என் தோளுக்குப் பக்கத்தில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு பறவை. அது எந்த நாட்டுப் பறவை என்று எனக்கே தெரியவில்லை. "புதிய பறவை இனத்தைக் கண்டுபிடித்து உலகையே வியக்க வைத்த எங்கள் குலக்கொழுந்தே!" என்று எழுதியிருந்தது. கீழே சொந்தக்காரர்களின் தலைகள் வரிசையாக. நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக, என் தாய்மாமா.

எழுந்திருக்க மனம் வரவில்லை. கண்டக்டர், "சந்தவாசல்தானே கேட்டீங்க, எறங்கலயா?" என்றார். என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பட்டாவை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பறவைகளின் மரபணுக்களைப் படிக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பறவை வெள்ளைக்கண்ணி. கையை மூடினால் உள்ளே இருப்பதே தெரியாது, அவ்வளவு சிறியது. பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டதுபோல் ஒரு வளையம். இந்தக் குடும்பத்துப் பறவைகளைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது பெரும்பாடு. அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகத் தெரிகிறவை, மரபணுவைப் படித்துப் பார்த்தால் எப்போதோ பிரிந்துபோன வேறு வேறு இனங்களாக இருக்கும். நிறத்திலும் பாட்டிலும் வித்தியாசமாகத் தெரிகிறவை உள்ளே ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் ரத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜவ்வாது மலையில் பாடுகிற வெள்ளைக்கண்ணியை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் படவேட்டுப் பக்கத்து மாந்தோப்புகளில் அதே பறவை விறுவிறுவென்று பாடி முடித்துவிடும். மலையில் அது நிதானமாக ஆரம்பித்து, கடைசியில் குரலை மேலே தூக்கி விட்டது. பிடித்து அளந்தபோது அலகும் கொஞ்சம் நீளமாக இருந்ததுபோல் பட்டது. இது வேறு இனம் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெளியே மட்டும் "இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வனத்துறை அனுமதி வாங்கி, ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்கினேன். எனக்கு இடம் கொடுத்தவர் சாமையும் கொஞ்சம் புளியும் வைத்துப் பிழைக்கிற ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டால் வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். அக்காவுக்குக் குருவிகள்மேல் தனியாக எந்த ஆசையும் கிடையாது. கதிரில் உட்கார்ந்தால் விரட்டுவார், அவ்வளவுதான். அவருடைய சாமைக் கொல்லை ஓரத்தில்தான் நான் மெல்லிய வலை கட்டினேன். விழுந்த குருவியை எடுத்து, இறக்கையின் அடியில் ஊசியால் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குப்பியில் விட்டு, பறக்கவிடுவேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"இத்துனூண்டு குருவிக்கு ரத்தம்கூட இருக்குதா?"

"ஒரு சொட்டு போதும்க்கா. எந்த இனம்னு அதுலயே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சி?"

"புது இனமா இருந்தா புதுப் பேர் வைப்பாங்க. ஜவ்வாதுன்னு சேர்த்துக்கூட வைக்கலாம்."

"அப்புறம் அதப் பாக்க ஜனங்க வருவாங்களா?"

"வருவாங்க. வெளிநாட்ல இருந்துகூட வருவாங்க."

அவர் திரும்பிக் கீழே பாதையைப் பார்த்தார். தார் ரோடு அந்த ஊருக்கு வரவில்லை. கீழே ஓடையோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் பிரசவ வலி வந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

"வெளிநாட்டுக்காரன் வந்தா ரோடு போட்டுத்தான் ஆவணும்" என்றார். அன்றிலிருந்து காலையில் எனக்கு முன்னால் எழுந்து வலைக் கழிகளை நட்டு வைத்தவர் அவர்தான். ஊரில் யார் கேட்டாலும், "எங்க கொல்லைல புதுக் குருவி கீது" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை. எனக்கும் அதைக் கேட்க நன்றாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அம்மாவிடம் போனில், "இது வேற இனமா இருக்கலாம்மா" என்றேன். அம்மா மாமாவிடம் சொன்னார். வழியில் எங்கேயோ அந்த "இருக்கலாம்" விழுந்துவிட்டது. மாமா படவேடு ரோட்டில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஆசையும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கும் முன்பே அவருக்குப் போன் போட்டேன்.

"மாமா, அந்த பேனரை எடுத்துடுங்க. இன்னும் ரிசல்ட்டே வரல."

"வரும்மா. நீ பாஸ் ஆகாத பரீட்சை இன்னா கீது?"

"இது பரீட்சை இல்ல மாமா."

"எல்லாம் ஒண்ணுதான். ஞாயித்துக்கெழம மண்டபம் சொல்லிட்டேன். பாராட்டு விழா. பிரியாணி, சைவத்துக்குத் தனிப் பந்தி. உன் மலைக்காரம்மாவுக்கும் நானே கார்ல போயி அழைப்பு வெச்சிட்டேன். நீ நல்ல பொடவயா கட்டிக்கினு வந்து நில்லு, போதும்."

மாமா கெட்டவர் இல்லை. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, பெண்பிள்ளை அவ்வளவு தூரம் எதற்கு என்று அப்பா தயங்கியபோது, எனக்காகச் சண்டை போட்டவர் அவர்தான். அதனாலேயே அவரிடம் கத்த முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆய்வகத் தோழி முடிவுகளை அனுப்பினாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திறந்தேன். மரபணுக்களை ஒப்பிட்டுக் கணினி வரைந்து தருகிற படம் ஒரு மரம்போல் இருக்கும். நெருங்கிய உறவுள்ளவை ஒரே கிளையில் சேர்ந்து உட்காரும். மலைக் குருவிகள் தனி இனம் என்றால் அவை எல்லாம் ஒரு தனிக் கிளையில் கூடியிருக்க வேண்டும். அவை அப்படிக் கூடியிருக்கவில்லை. மலைக் குருவி ஒன்று, பக்கத்திலேயே படவேட்டு மாந்தோப்புக் குருவி ஒன்று, அதற்கும் பக்கத்தில் செங்கத்தில் பிடித்தது ஒன்று. கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் கலந்து கிடந்தன. மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் அந்தக் குருவிகள் காலங்காலமாகப் போய் வந்து கூடிக் குஞ்சு பொரித்திருக்கின்றன. இனத்தைப் பிரிக்கிற கோடு எதுவும் அங்கே இல்லை.

நம்ப மனம் வராமல், கணக்கிடும் முறையை மாற்றித் திரும்ப ஓட்டினேன். அதே முடிவுதான். அலகு அளவுகளைத் திறந்து பார்த்தேன். நீளம் என்று நான் நினைத்தது, இரண்டு மூன்று குருவிகள் என் கண்ணில் ஏற்படுத்திய மயக்கம். பாட்டு மட்டும் நிஜமாகவே வேறாக இருந்தது. ஆனால் பாட்டு என்பது குஞ்சுகள் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகுகிற விஷயம். நான் ஆய்வகத்தில் "என்ன" என்கிறேன், சந்தவாசலில் இறங்கினால் "இன்னா" என்கிறேன். அதற்காக என் ரத்தம் மாறிவிடுமா? இது முதல் வருஷத்திலேயே படித்த பாடம். ஆசை வந்து அதை மறைத்துவிட்டது.

என் வழிகாட்டியான பேராசிரியர் போனில் சாதாரணமாகத்தான் பேசினார். "தெளிவான முடிவு. எழுத ஆரம்பி" என்றார். பிறகு, "வெளியே யார்கிட்டயும் சொல்லிடலையே?" என்று கேட்டார். நான் "இல்ல மேடம்" என்றேன். வாசலில் மாமா அனுப்பிய ஆட்கள் வீட்டுச் சுவரில் இன்னொரு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

"இப்போ இன்னா பண்ணச் சொல்ற? ஆடு அறுக்கச் சொல்லியாச்சு. நாளைக்கி ஒரு நாளு வாய மூடிக்கினு இரு. நாளான்னிக்கி ஒவ்வொருத்தரா சொல்லிக்கலாம்."

"பொய்யா உக்கார முடியாதும்மா."

"நீ ஒண்ணும் பேச வேணாம். மாமா பேசுவான்."

வாயை மூடிக்கொண்டுதான் போனேன். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணப் பெண் மாதிரி மேடையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக ஏறி வந்து பொன்னாடை போர்த்தினார்கள். என் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்து, "எங்க பேர காப்பாத்திட்டம்மா" என்று கண் கலங்கினார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டேன். போர்த்தப் போர்த்த உடம்பு வேர்த்தது. கழற்றி மடித்து வைத்தால் மரியாதையில்லை என்று அப்படியே இருந்தேன்.

இரண்டாவது வரிசையில் மலை அக்கா உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். ஊதா நிறத்தில் புதுப் புடவை, மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்து ஒரு தடவை கையைத் தூக்கி ஆட்டினார். பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. மண்டபம் நிறைந்த பிறகும் அவருக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. அதை நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாமா மைக்கைப் பிடித்தார். என் குழந்தைப் பருவம், என் மார்க்கு, நான் காக்காய்க்குச் சோறு வைத்தது எல்லாம் சொன்னார். கூட்டம் நன்றாகக் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் அவர் சொன்னார்: "கேக்குறாங்க, அதே குருவிதானே, மலைல மட்டும் எப்பிடி வேற இனமாச்சின்னு. நான் சொல்றேன். மலைல இருக்கற ஆளுங்களே வேற இனம், குருவி வேற இனமா இருக்காதா? பாப்பா, அடுத்த வாட்டி அவங்க ரத்தத்தையும் ஒரு சொட்டு எடுத்துப் பாத்துடு!"

மண்டபம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவருக்கு அது வெறும் வேடிக்கை. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. எழுந்து போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

"மாமா சொன்னது தப்பு" என்றேன். "ரிசல்ட் நேத்தே வந்துடுச்சு. மலைல இருக்கற குருவியும் நம்ம தோப்புல இருக்கற குருவியும் ஒரே இனம்தான். நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. மனுஷங்களும் அப்படித்தான். மலைல இருக்கறவங்க வேற இனம் இல்ல. இதோ உக்காந்திருக்காங்களே, இந்த அக்கா, இவங்களும் நாமளும் ஒண்ணுதான்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி அக்காவைக் காட்டினேன். மண்டபம் முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு குனிந்துகொண்டார்.

கடைசி வரிசையில் ஒருவர், "அப்ப பந்தி உண்டா, இல்லியா?" என்று கேட்டார். அதற்கும் சிரிப்பு வந்தது. மாமா மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "எல்லாரும் சாப்ட்டுத்தான் போவணும்" என்றார். அந்த நேரத்திலும் அவர் குரல் தடுமாறவில்லை. முகம் மட்டும் கறுத்திருந்தது.

நான் பொன்னாடைகளை நாற்காலியிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அக்கா பந்திக்குப் போகவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தார். போளூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

"அக்கா, சாப்ட்டுப் போங்க. மாமா பேசினத மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க மாமன் பேசனது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கீழ எறங்குனா எவனாவது ஒருத்தன் அப்பிடித்தான் பேசுவான். சிரிச்சிட்டு வுட்டுடுவாங்க. நீதான் எல்லாருக்கும் என்னக் கை காட்டன. அத்தினி பேரும் எழுந்து நின்னு பாக்கறாங்க, நான் மனுஷியான்னு. அத நீ சொல்லித்தான் தெரியணுமா?"

அவருக்காக எழுந்து பேசினேன் என்று, மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்த அந்தக் கொஞ்ச தூரம் வரைக்கும், உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

"குருவி விஷயம் நேத்தே தெரியும்ன்னியே. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே" என்றார். "ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன், ரோடு வரும்னு."

பஸ் வந்தது. துணிப்பையை என் கையில் திணித்துவிட்டு ஏறினார். பையில் தேன் பாட்டிலும் சாமை அரிசியும் இருந்தன. எனக்கென்று கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போக அவருக்கு மனம் வரவில்லை. நான் அந்தப் பையை வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு, ரோட்டோரம் நின்றேன். போகிற வருகிற டூ வீலர்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாதான் அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் குருவியை வைத்து அவரைக் கிண்டல் செய்வதாகவும், அவர் பதில் பேசாமல் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகவும் அம்மா சொன்னார். ஆறு ஏழு மாதம் கழித்து ஒரு நாள் அவரே பெங்களூருக்குப் போன் செய்தார். பேனரைப் பற்றியோ விழாவைப் பற்றியோ பேச்சே இல்லை. "அந்த ரத்த டெஸ்ட்டு, உனக்கு நல்லாத் தெரியுமா, தப்பா காட்டாதா?" என்று மட்டும் கேட்டார். தப்பாகக் காட்ட வழியில்லை என்றேன். "சரி, ஒடம்ப பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். எனக்காக வைத்திருந்த கடைசி நம்பிக்கையை அவர் அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறேன். போனை வைத்துவிட்டு ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வேலை நிற்கவில்லை. ரத்தம் ஒன்றாக இருந்தும் பாட்டு ஏன் மாறியது என்பதையே ஆய்வின் அடுத்த பகுதியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் பேராசிரியர். அதற்கு மறுபடியும் மலைக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். வேறு ஊரில் தங்கலாமா என்று ரொம்ப யோசித்தேன். ஜமுனாமரத்தூரில் லாட்ஜ் இருக்கிறது. ஆனால் குருவிகள் பாடுகிற இடத்துக்கு அக்காவின் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். ஒளிந்து போனால் அது இன்னும் கேவலம். முன்கூட்டிப் போன் செய்தேன். "வா. வராதன்னு நான் சொன்னேனா?" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது மழை பெய்து முடித்திருந்தது. ஓடையில் தண்ணீர் முழங்கால் வரை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அக்கா தட்டில் சோறு போட்டு, புளிக்குழம்பை ஊற்றி, என் முன்னால் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முன்பெல்லாம் கூடவே சாப்பிடுவார். அன்றைக்குத் தனக்குப் பசியில்லை என்றார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "ரோடு போடுற பொண்ணு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"அக்கா, நான் உங்கள அப்படிக் கை காட்டியிருக்கக் கூடாது" என்றேன் கடைசியில்.

"ஆமா, கூடாது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த எனக்கு அதுவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் மைக்கை மரத்தின் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

"இன்னிக்கி ரத்தம் எடுக்கலயா?"

"இல்லக்கா. பாட்டு மட்டும்தான்."

"அன்னிக்கி எடுத்தத இன்னா பண்ணீங்க? கொட்டிட்டீங்களா?"

"கொட்ட மாட்டாங்க. ஃப்ரீசர்ல இருக்குது."

"எத்தினி நாளைக்கி?"

"எத்தன வருஷம் ஆனாலும் இருக்கும்க்கா. பின்னால யாராவது வேற எதாவது கண்டுபிடிக்க வேணும்னா எடுத்துப் பாப்பாங்க."

"குருவி செத்தே போயிருக்கும். அதோட ரத்தம் பெங்களூர்ல ஜில்லுனு ஒக்காந்துக்கினு கீது" என்று சொல்லிச் சட்டென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது அவர் என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மைக்கைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அக்கா ஆட்டை அதட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.